கொண்டை ஊசி அட்டவணை

பத்தாவது வளைவின் பலகை சன்னலுக்கு வெளியே தெரிந்ததும் பியாட்ரிஸ் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். வாசித்து முடித்தாளா என்பது வேறு விஷயம். வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருப்பதால் இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். செரிமானம் பத்தோடு முடிய வேண்டும். ஒன்பதில் சுவாசம் தொடங்கியாக வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் காலை ஏழு பத்து பஸ், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். மடியில் உயிரியல் புத்தகம். இடது கையில் பாதி எலுமிச்சை, குமட்டினால் முகர்வதற்கு.

மருத்துவ நுழைவுத் தேர்வு அவளுக்கு இது மூன்றாம் முறை. மேட்டுப்பாளையம் கோச்சிங் சென்டரில் ஒரு வண்ண அட்டவணை கொடுத்திருக்கிறார்கள்: ஐம்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. அது அமைதியான மனிதர்களுக்காகச் செய்தது. பியாட்ரிஸ் ஐம்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவளைப் பெற்றவர்களே பார்த்ததில்லை. "ஊட்டுல ஒரு பாடத்த எடுத்தா மத்த பாடமெல்லாம் கூப்புடுதுங்க," என்கிறாள். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போக வழியில்லை. ஆகவே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பாடங்களைப் பங்கு போட்டுவிட்டாள். காலை இறக்கத்தில் உயிரியல். மாலை ஏற்றத்தில் இயற்பியல். வண்டிக்கே மூச்சு வாங்கும் இடத்தில் விசையும் வேகமும் தானாகப் புரியுமாம்.

கண்டக்டர் லிங்கசாமிக்கு இந்த அட்டவணை மனப்பாடம். டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே, "ஏனுங் டாக்டரம்மா, ஆறு தாண்டியாச்சு, ரத்தம் இன்னும் இருதயத்துக்கு வந்து சேரலீங்களா?" என்பார். இரண்டு பக்கம் பாக்கி, வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள் என்று அவள் ஒருமுறை கேட்டும் பார்த்தாள். "உங்க கிட்னிக்கோசரம் நாப்பது பேரு வேலைக்கு லேட்டாப் போறதுங்களா?"

பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் யானை நின்றால் அட்டவணையும் நின்றுவிடும். வளைவு வராமல் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டாள். ஒருநாள் ஒன்றே முக்கால் மணி நேரம் கழிவுநீக்க மண்டலத்தையே ஒன்பது தரம் வாசித்தாள். அந்தப் பாடத்தில் இன்று அவளை அசைக்க ஆளில்லை. யானைக்கு நன்றி.

போன தேர்வுக்கு முந்தைய நவம்பரில் மண் சரிந்து, பஸ்கள் பத்து நாள் கோத்தகிரி வழியாகப் போயின. வளைவும் வேறு, எண்ணும் வேறு. அந்தப் பத்து நாளில் படித்தது மரபியல். மே மாதம் பதினொரு மார்க்கில் இடம் போயிற்று. "மரபியல் பூரா கோத்தகிரி ரோட்டுலயே கெடக்குதுங்க." இந்த வருடம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு கோத்தகிரி போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கீழே இறங்கி ஒரு டீ குடித்தாள். வேறு வேலை இல்லை.

இந்த மே மாதமும் தவறினால் ஜூலை முதல் தேதி தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அங்கே ஃபிட்டராக இருக்கும் அப்பா மேனேஜரிடம் பேசி நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கிறார். நாற்காலி என்ற சொல்லைக் கேட்டாலே அவள் எழுந்துவிடுகிறாள்.

எதைக் கேட்டாலும் முதலில் வளைவின் எண்தான் வரும். "கிரெப்ஸ் சுழற்சிங்களா? அது எட்டு. வலப்பக்கம் சாயும்." சொல்லும்போதே சாய்வாள்.

போன வாரம் கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வில், ஆடாத அசையாத பெஞ்சில், அவளுக்கு எட்டாவது வளைவு வந்துவிட்டது. சாய்ந்தாள். வலப்பக்கம் இன்னொருத்தியின் விடைத்தாள் இருந்தது. வாத்தியார் இவள் தாளைப் பிடுங்கிக்கொண்டார். முழு விளக்கத்தையும் கேட்டுத் திருப்பிக் கொடுத்தவர், "இதையே நிஜத் தேர்வுல பண்ணினா எழுதவே விடமாட்டாங்க. வளைவைச் சொல்லித் தப்பிக்க முடியாதும்மா" என்றாராம்.

இன்னும் பதினெட்டு நாள். இப்போது படிக்கும் பாடம், சாயாமல் இருப்பது. தேர்வுக்கு ஷூ கூடாது என்பதால் காலைக் குளிரிலும் செருப்பு போட்டுப் பழகுகிறாள். எட்டாவது வளைவு. வண்டி இடப்பக்கம் ஒடித்துத் திரும்ப, நாற்பது பேரும், லிங்கசாமியின் தோள்பையும், யாரோ ஏற்றிய கேரட் மூட்டையும் வலப்பக்கம் சாய்கின்றன. பியாட்ரிஸ் புத்தகத்தை மூடி, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, கண்ணை மூடி, நட்ட கம்பமாக உட்கார்ந்திருக்கிறாள். உதடு எதையோ வரிசையாகச் சொல்கிறது. கால் கட்டைவிரல் மட்டும் செருப்பை விட்டு நழுவி, மெல்ல, வலப்பக்கம் சாய்கிறது.