இடப்பக்கத்து ஓட்டைகள்

காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மரத்தில் சின்னதாக ஒரு மீன்பிடி போட்டு செய்து தருவதாகச் சம்பந்தியிடம் வாய்விட்டுவிட்டேன்.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா, நாகப்பட்டினத்துக்காரர். கண் பார்வை போனதும் மீன்பிடி போட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்க ஏற்காட்டுக்கு வந்தவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சே குறைவு. "என் போட்டைத் தொட்டாவது பாத்துட்டா போதும்" என்று ஒருநாள் சொன்னார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

சில்வர் ஓக் பலகை, ஒன்றரை அடி நீளம். மாதிரிக்கு இருந்தது அவர் போட்டை வலப்பக்கமிருந்து எடுத்த ஒரே போட்டோ. அடிப்பாகம் சுலபமாக அமைந்தது. மேல்தளம்தான் என் உயிரை வாங்கியது. லென்ஸை வைத்துக்கொண்டு போட்டோவைத் துருவுவேன்.

"ஏனுங்க சம்பந்தி, நடுவுல சதுரமா ஒரு மூடி தெரியுதுங்களே, என்னங்க அது?"

"ஐஸ் ரூம் மூடி. மீனை அதுலதான் கொட்டுவோம்."

மூடிக்குக் கைப்பிடி உண்டா, வலைக் கயிறு எந்த வழியாகப் போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரிந்ததையும் சில சமயம் கேட்டேன், அவர் பேசுவாரே என்று.

முடித்து அவர் மடியில் வைத்தேன். விரல்கள் மூடியைத் தொட்டன, கயிற்றைத் தொட்டன. தளத்தின் வலப்பக்கச் சுவரடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த சின்ன ஓட்டைகளைத் தடவித் தலையாட்டினார். இடப்பக்கம் போன விரல் இரண்டு முறை போய்த் திரும்பியது.

"இந்தப் பக்கம் ஓட்டை எங்க?"

"தண்ணி போக ஒரு பக்கம் போதுமுங்களே. நம்ம காப்பி காயப்போடுற களத்துல ஒரே பக்கமா வாட்டம் குடுத்து, அங்கதான் ஓட்டை உடுவோமுங்க."

"களம் ஆடுமா சம்பந்தி?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் போட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரோ ஒருத்தரு போட்டு மாதிரி" என்றார். இத்தனை கேள்வி கேட்டவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் இடப்பக்கமும் துளை போட்டுக் கொடுத்தேன். அவர் பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரைத் தளத்தின்மேல் ஊற்றி, போட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒழுகி வேட்டி நனைந்தது.

"என் போட்டுதான்" என்றார்.

குளிருக்கு ஆகாதென்று மருமகள் வேறு வேட்டி எடுத்து வந்தாள்.

"இரும்மா, கொஞ்ச நேரம் நனைஞ்சிருக்கேன்."