சக்கரத்துக்கு வச்ச சந்தனம்

சந்தனத்துக்கும் பால் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க பார்ப்போம்? ஒண்ணும் இல்லல்ல? எங்கம்மாவுக்கு இருந்துச்சு.

நான் அப்போ நாலாவது. அம்மாவோட தங்கச்சி, எங்க சித்தி, ஃபிகர் ஸ்கேட்டர். ஐஸ்லாம் இல்லீங்க, திருச்சில ஐஸ் ஜூஸ் கடையோட சரி. நாலு சக்கரம் வச்ச ஷூ, சிமெண்ட் தரை, பாட்டுக்கு ஏத்த மாதிரி சுத்தணும், குதிக்கணும். ஸ்டேட் வரைக்கும் ஆடின ஆளு. முட்டில ஆபரேஷன் ஆனதும் போட்டியை விட்டுட்டு திருவெறும்பூர்ல பசங்களுக்கு கோச் ஆயிடுச்சு. நானும் அதுல ஒருத்தி. அக்கா பொண்ணுன்னு சலுகையா? மத்தவங்களுக்கு ஒரு திட்டுன்னா எனக்கு மூணு.

அந்த வருஷம் மாவட்டப் போட்டி விஜயதசமி அன்னிக்கு. முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்ரீரங்கத்துல எங்க வீட்ல புக்கு, அருவாமனை, மிக்சி வரிசைல என் ஷூவும் ஏறிடுச்சு. அம்மா எட்டு சக்கரத்துக்கும் நட்ட நடுவுல, கரெக்டா அதைச் சுத்த வைக்கிற பேரிங் மேலயே, கொழகொழன்னு சந்தனம் அப்பி குங்குமம் வச்சிருச்சு. மறுநாள் காலைல பூஜை முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாது வேற. நேரா போட்டி நடக்குற ஸ்கேட்டிங் ரிங்க்ல போய்த்தான் பையைத் திறந்தோம்.

சித்தி ஒரு சக்கரத்தை விரலால தள்ளிப் பார்த்துச்சு. அரை சுத்து. நின்னுடுச்சு.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்க?"

"பொட்டு வச்சேன்டி. புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்னு."

"மிக்சிக்கும் மோட்டாருக்குள்ளதான் வச்சியா?"

"நல்ல நாள் அதுவுமா வாயைத் திறக்காத."

சித்தி தன் பையிலேர்ந்து தன்னோட ஷூவை எடுத்துச்சு, எட்டு சக்கரத்தையும் கழட்டி என் ஷூல மாட்டுச்சு. கோச்சுன்னா ஷூ எடுத்துட்டு வருவாங்க போலன்னு நினைச்சேன். டிராக் சூட் கழுத்துகிட்ட நீல ஜிகினா துணி எட்டிப் பார்த்துச்சு. அதையும் கண்டுக்கல.

"முடிச்சதும் நேரா என்கிட்ட வரணும். புரியுதா?"

"ம்."

ஆடினேன். ஒரு தடவை விழுந்தேன், மூணாவது வந்தேன். நேரா போனேனா? அப்பா போண்டா வாங்கித் தரேன்னாரு. ஷூவோடவே கேன்டீனுக்கு உருண்டு போயிட்டேன். மைக்ல ஏதோ ஒரு பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. நமக்கென்ன, சட்னி இன்னும் வரல.

சித்தி கையில ஸ்பேனரோட ஓடி வந்து முதுகுல ஒண்ணு வச்சுச்சு.

"மூணாவது வந்ததுக்கா அடிக்கிற?"ன்னு அழுதேன்.

சித்தி தரையில உட்கார்ந்து என் சக்கரத்தை ஒண்ணொண்ணா கழட்டுச்சு. அவசரமே இல்லாம. அம்மா வேற, நல்ல நாள்ல புள்ளைய அடிச்சிட்டான்னு ரெண்டு மாசம் சித்தியோட பேசல.

மெடல் வெறி பிடிச்ச கோச்சுன்னு பின்னாடி காலேஜ் ஹாஸ்டல் பூரா இந்தக் கதையை சொல்லித் திரிஞ்சேன். போன தீபாவளிக்குத்தான் சித்தப்பா உளறினாரு. அன்னிக்கு சீனியர் பிரிவுல சித்தியும் பேர் குடுத்திருந்துச்சாம். ஆபரேஷன் பண்ண காலோட ஆட வீட்ல விடமாட்டாங்கன்னு மூச்சே விடலையாம். மூணு தடவை கூப்பிட்டு வரலன்னா பேரை அடிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் எங்கயும் பேர் குடுக்கவே இல்லையாம்.

ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கோச்சுக்கும் ஆடணும்னு இருக்கும்னு ஒன்பது வயசுல எனக்கு எப்படித் தெரியும்?

இப்போ சாயங்காலம் மணி ஆறு. சித்தி இன்னமும் ரிங்க் ஓரமா நின்னு சின்னப் பசங்களுக்கு பிரேக் போட சொல்லிக் குடுத்துட்டு இருக்கு.