பத்து நாள் நாய்

கலியாணம் முடிந்து நாலாம் மாதம் என்னை நாய் கடித்தது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி நான் பெண் வீட்டில்தான் குடியிருந்தேன். மாமனார் ஓதிப் பார்க்கிறவர். காய்ச்சல், தலையிடி, பிள்ளை பயந்தது என்று காலையில் ஆட்கள் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிற்பார்கள். அவர் ஓதி ஊதிக் கொடுப்பார். நான் சாய்ந்தமருதில் விஞ்ஞான வாத்தியார். ஊதினால் கிருமி சாகாது, கொதிக்க வைத்தால்தான் சாகும் என்று வகுப்பில் நான் நக்கலடித்தது அவர் காதுவரை போயிருந்தது. அதற்குப் பிறகும் அவர் என்னைக் கண்டால் வழமைபோல முகம் மலர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குக் கடுப்பு.

நாவிதன்வெளியில் அவருடைய வெள்ளாமையைப் பார்க்கப் போன இடத்தில், பக்கத்து வயல் வாடியின் காவல் நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. மாமனார் என்னை வாய்க்காலில் இருத்தி, நாய் எச்சிலுக்கு மார்க்கத்தில் சொன்னபடி ஏழு தரம் கழுவினார், அதில் ஒரு தரம் மண் போட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கழுவினீங்களா?” என்றார். ஏழு தரம் என்றேன். சந்தோஷப்பட்டார். மண்ணைச் சொன்னதும் ஏசினார்.

“நாயைக் கட்டி வைங்க. பத்து நாள் சுகமா உயிரோட இருந்தா உங்களுக்குப் பயமில்லை. அதுக்கு ஏதும் ஆனா உடனே வரவேணும், தொப்புளைச் சுத்தி ஊசி போடவேணும்.”

மாமனார் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அன்று அஸர் தொழுகைக்கு முன்பே அந்த நாய் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வந்து இறங்கியது. ஓதிப் பார்க்கிறவரின் வளவில் நாய்! தெருவே வேலியால் எட்டிப் பார்த்தது. அவர் அதை வேப்பமரத்தில் கட்டி, சோறு வைத்தார், மீன் வைத்தார், அவித்த முட்டையும் வைத்தார். அது கையை நக்கும்போதெல்லாம் ஏழு தரம் கழுவினார். எனக்கு ஒரு முட்டையும் கிடைக்கவில்லை.

இந்தப் பகிடியெல்லாம் இப்போது வருகிறது. அப்போது நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். விசர்நாய் கடித்தவன் தண்ணீரைக் கண்டால் நடுங்குவான், தொண்டை இழுக்கும், அதற்குப் பிறகு மருந்தே இல்லை என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். நோய் வெளிப்பட வாரக்கணக்காகும் என்பதும் எனக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லை.

மாமனார் தினமும் ஓதித் தந்த போத்தலை முதல் நாள் மரியாதைக்குத்தான் வாங்கினேன். இரண்டாம் நாள் அதைக் கண்டதும் தொண்டை இழுக்கிறதா என்று சோதித்தேன். ஒரு மிடறு. இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மிடறு. ஐந்தாம் நாள், குடிக்க முன் நானும் எனக்குத் தெரிந்ததை ஓதி ஊதத் தொடங்கினேன். மனைவி அதைக் கண்டுவிட்டாள்.

“பயமா இரிக்கா?”

“ஓம்” என்றேன். அவள் அழுதாள்.

எட்டாம் நாள் காலை நாய் எதையும் தொடவில்லை. வாயோரம் வீணீர் வழியக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுக்கக் கொல்லைப்புறம் போனேன்.

மாமனார் நாய்க்கு முன்னால் குந்தியிருந்தார். எனக்கென்று ஓதி வைத்த தண்ணீரை நாயின் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மிச்சத் தண்ணீரைக்கூடக் கால் படாத இடத்தில் ஊற்றச் சொல்கிற மனிதர்!

“மாமா, என்ன செய்யிறீங்க?”

“டாக்டர் சொன்னாரே மருமகன். இது இரிந்தாத்தானே நீங்க இரிப்பீங்க. இத மௌத்தாக உடக்கூடாது, உசிரோட வெச்சிரிக்கோணும்.”

டாக்டர் நாயைக் கட்டச் சொன்னது அதற்கு நோய் இருக்கிறதா என்று அறிய. இவரோ என் உயிர் நாயின் உயிரில் தொங்குகிறது என்று நம்பி, மகளுக்காக எட்டு நாளும் அதை வளர்த்திருக்கிறார். திருத்த வாயெடுத்தேன். ஆனால் என்னை அறியாமலே அவர் பக்கத்தில் குந்தி, “குடி, குடி” என்று நாயிடம் கெஞ்சினேன்.

நாய் தலையைத் தூக்கி நக்கியது. பிறகு செருமிச் செருமி ஒரு பெரிய மீன் முள்ளைக் கக்கியது. மத்தியானம் சோறு தின்றது. பத்தாம் நாள் முடிந்ததும் வயலுக்கே திரும்பிப் போனது.

நாலைந்து வருடம் போனபின் ஒரு நாள், நான் படிப்பித்துக்கொண்டிருக்கையில் மாமனார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வயலிலிருந்து நேரே சைக்கிளில் வந்திருக்கிறார். இடுப்புச் சாரன் முழுக்கச் சேறு, முகத்தில் இரத்தமே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த நாய் மௌத்தாப் பெய்த்து மருமகன்,” என்றார். “உங்களுக்கு ஒண்டுமில்லையே?”

மடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கி, பிஸ்மி சொல்லி, அவர் கண்ணெதிரே ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.