கார்ப்பெட் குளித்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருப்பேன்.

பதறாதீர்கள். வில்லி வேலையெல்லாம் இல்லை. கார்ப்பெட் துவைக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன்... அவ்வளவுதான்.

அதை எதற்கு வாங்கினாய் என்கிறீர்களா? எல்லாம் ரீல்ஸ் செய்த வேலை. அந்த வீடியோக்கள் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். சேற்றில் புதைத்து எடுத்த மாதிரி ஒரு கார்ப்பெட். அதன் மேல் மெஷின் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டில் மட்டும் பளீரென்று நிறம் தெரியும். அடுத்த கோடு. அதற்கடுத்த கோடு... அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கண்ணை எடுக்க முடியாது. நான் எடுக்கவில்லை. பால் வழிந்தது.

"நம்ம வீட்ல இருக்கறதே ஒரே ஒரு கார்ப்பெட்தான்" என்றார் என் கணவர் முரளி, அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டே.

"ஒண்ணு இருக்கில்ல?" என்றேன்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பெங்களூரு ஆடுகோடியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டுமே!

மெஷினைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நின்றபடி தள்ளுகிற வேக்குவம் கிளீனர் மாதிரி இருக்கும். இரண்டு டேங்க். ஒன்றில் நல்ல தண்ணீரும் ஷாம்பூவும் ஊற்ற வேண்டும். கைப்பிடியில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டு தள்ளினால் தண்ணீர் பீய்ச்சும், அடியில் பிரஷ் சுழன்று தேய்க்கும். பின்னால் இழுத்தால், தேய்த்த தண்ணீரை உறிஞ்சி இன்னொரு டேங்க்கில் சேர்க்கும். அந்த இரண்டாவது டேங்க் இருக்கிறதே — உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

அங்கேதான் ஆள் விழுகிறான்.

எங்கள் ஹால் கார்ப்பெட்டை நான் வாராவாரம் வேக்குவம் போடுகிறவள். சுத்தமாக இருக்கிறது என்று கோயிலில் சத்தியம் செய்திருப்பேன். முதல் கோடு போட்டேன். இழுத்தேன். டேங்க்கைப் பார்த்தேன்.

கறுப்பு. மழை நாளில் ஓசூர் ரோட்டில் பஸ் நம் மேல் வாரி இறைத்துவிட்டுப் போகுமே... அந்தக் கறுப்பு!

"ஏங்க! ஓடி வாங்களேன்!"

எனக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து முரளி ஓடிவந்தார். டேங்க்கைக் குனிந்து பார்த்தார்.

"இது மேலயா நான் குப்புறப் படுத்து மேட்ச் பார்க்கறேன்?"

"இது மேலதான்."

"தள்ளு. நான் ஒரு வாட்டி பண்றேன்."

வேண்டாத மெஷின் என்று சொன்ன மனிதர்! மூன்று கோடு போட்டும் தர மாட்டேன் என்கிறார். சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மெஷினோடு வந்த ஷாம்பூ தீர்ந்தது. நிறுத்த மனசு வருமா? துணி துவைக்கிற லிக்விடைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். நுரை வந்தது பாருங்கள்... ஹாலுக்குள் மேகம் இறங்கிய மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முரளியின் சட்டையெல்லாம் நுரை. அவர் குளிக்கப் போனார்.

அழுக்குத் தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டது. பாத்ரூமில் முரளி. எங்கே கொட்டுவது?

பால்கனியில் கொட்டினேன்.

பால்கனி மூலையில் ஓர் ஓட்டை உண்டு. அதிலிருந்து ஒரு சாண் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைத் தண்ணீர் போவதற்காக வைத்தது. அது எங்கே போய் விழுகிறது என்று இத்தனை காலத்தில் நான் ஒரு தடவையும் எட்டிப் பார்த்ததில்லை.

அன்று தெரிந்துவிட்டது. கீழேயிருந்து ஒரு குரல் —

"மாதாவே!"

முதல் மாடி பிலோமினா ஆன்ட்டி. ரிட்டையர்டு டீச்சர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெங்களூருதான். வீட்டில் தமிழ், காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாக நின்று மகள் ஷெரினைப் படிக்கவைத்தவர். எங்களுக்குள் படிக்கட்டில் சிரித்துக்கொள்கிற பழக்கம் மட்டும்தான்.

நான் கீழே ஓடினேன். ஆன்ட்டி பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில், கைப்பிடிச் சுவர் மேல் காற்றாடப் போட்டிருந்த அவர்கள் வீட்டு ஹால் கார்ப்பெட். அதன் நடுவிலிருந்து என் வீட்டு நுரை சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பாக.

"வாட் இஸ் திஸ்?" என்றார் ஆன்ட்டி.

இங்கிலீஷ். செத்தேன்.

"சாரி ஆன்ட்டி... தெரியாம..."

"டுடே! ஆஃப் ஆல் டேஸ்!" என்றவர் அப்படியே சேரில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

ஷெரின்தான் என்னை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவளும் கெவின் என்கிற பையனும் ஒரே ஆபீஸ். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்விட்டது. கெவினின் அம்மா மார்த்தா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. 'வீட்டைப் பார்க்கறேன், மனுஷங்களைப் பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்' என்றாராம். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் முதல் முறையாக வருகிறார்கள். ஆன்ட்டி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஃபேன் இறக்கையிலிருந்து மீன் தொட்டிக் கல் வரை துடைத்துவிட்டார். கடைசி வேலை, அந்தக் கார்ப்பெட்டைக் காற்றாடப் போட்டு எடுத்து விரிப்பது.

அதன் மேல்தான் நான் ஊற்றியிருக்கிறேன்!

"ஆன்ட்டி... என்கிட்ட மெஷின் இருக்கு. நான் சரி பண்ணித் தர்றேன்."

"அந்த மெஷின்தானேம்மா இதப் பண்ணிச்சு?"

நான் துப்பட்டா நுனியால் நுரையைத் துடைக்கப் பார்த்தேன்.

"அம்மா, சும்னே உட்கார்ந்து அழுதா காயுமா?" என்றாள் ஷெரின். அவளுக்கு 'சும்மா'கூடக் கன்னடத்தில்தான் வரும். "அக்கா, நீங்க கொண்டு வாங்க."

முரளி ஈரத் தலையோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கார்ப்பெட்டை ஹாலில் விரித்தோம். இந்தத் தடவை நுரை வராத அளவுக்கு லிக்விட், நிறைய வெந்நீர். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு கறை மேல் மெஷினை வைத்தேன். தள்ளினேன். இழுத்தேன். மறுபடி.

கறை போய்விட்டது! சுத்தமாக!

ஆனால் யாரும் சந்தோஷப்படவில்லை. எல்லோரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி பிஸ்கட் கலர் என்று சொல்லிக்கொண்டிருந்த கார்ப்பெட் அது. நான் துவைத்த இடத்தில் மட்டும் இளம் ரோஸ். ரோஸில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிப் பூக்கள்.

"இதுல பூ இருந்துச்சா?" என்றாள் ஷெரின்.

ஆன்ட்டி குனிந்து, பூவை விரலால் தொட்டுப் பார்த்தார். "வாங்கினப்போ இருந்த மாதிரிதான் ஞாபகம். அப்புறம் எங்க போச்சுன்னு யோசிக்கவே இல்ல பாரு..."

சொல்லிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஓர் இடத்தைச் சுத்தம் செய்வதில் உள்ள பெரிய ஆபத்து — அதற்குப் பக்கத்து இடம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது அது. ஒரு முழம் ரோஸ் வந்ததும், மிச்சக் கார்ப்பெட் முழுக்கத் தெரு மிதியடி மாதிரி ஆகிவிட்டது. இப்படியே விட முடியுமா? முழுசாகத் துவைத்தாக வேண்டும்.

"தா இப்படி" என்று ஆன்ட்டி மெஷினை வாங்கினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு கோடு தள்ளி இழுத்தார். டேங்க்கைப் பார்த்தார்.

"ஏசுவே! ஷெரின், இங்க வந்து பாரு! நம்மூட்டுதுடி! அவங்க ஊட்டுத விட கறுப்பு!"

அந்தக் குரலில் இருந்தது வெட்கமா, பெருமையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அங்கே நடந்ததை என்னவென்று சொல்வது... ஆன்ட்டி தள்ளுகிறார். நான் வெந்நீர் சுமக்கிறேன். முரளி அழுக்குத் தண்ணீரைப் பாத்ரூமில் — ஆமாம், பாத்ரூமில்! — கொட்டிவிட்டு ஓடிவருகிறார். ஒவ்வொரு பூ வெளியே வரும்போதும் நாலு பேரும் கத்துகிறோம். "பேக பேக!" என்று ஆன்ட்டி கன்னடத்தில் விரட்டுகிறார். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. பெங்களூரு வெயிலை நம்பி ஒரு கர்ச்சீப் கூடக் காயப்போட முடியாது. ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டோம். ஷெரின் துவைத்த பக்கத்தில் உட்கார்ந்து ஹேர் டிரையரால் பூப்பூவாகக் காயவைத்தாள். அன்று அலங்காரம் செய்துகொள்ள வேண்டிய பெண்! தலையில் இன்னும் எண்ணெய்.

பாதிக் கார்ப்பெட் முடிந்திருந்தது. காலிங் பெல் அடித்தது.

"கேக் வந்திருக்கும், நீங்க போய் வாங்குங்க" என்று ஆன்ட்டி தலை நிமிராமல் சொன்னார். முரளி போய்க் கதவைத் திறந்தார்.

கேக்தான். கேக் பெட்டியோடு கெவின். அவன் பக்கத்தில் அவன் அப்பா. முன்னால், பட்டுப் புடவையில், நிமிர்ந்து நின்றபடி மார்த்தா.

அரை மணி நேரம் முன்னாலேயே! பெங்களூரில்! இந்த ஊரில் யாராவது சீக்கிரம் வருவார்கள் என்று எந்த மனிதராவது எதிர்பார்ப்பாரா?

"டிராஃபிக் இருக்கும்னு முன்னாடியே கிளம்பினோம்..." என்றார் மார்த்தாவின் கணவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "இன்னிக்குன்னு பார்த்து ரோடே காலி."

அவர்கள் பார்த்த காட்சி இது. சோஃபாவும் டீபாயும் சமையலறை வாசலில் ஒன்றின் மேல் ஒன்று. கார்ப்பெட் ஒரு பாதி ரோஸ், ஒரு பாதி சேறு. கல்யாணப் பெண் எண்ணெய்த் தலையோடு தரையில். கையில் ஹேர் டிரையர். நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வெந்நீர் வாளியோடு சம்பந்தமே இல்லாத ஒருத்தி. நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு சம்பந்தியம்மா.

ஆன்ட்டியின் முகத்தில் ரத்தமே இல்லை. கை அந்தப் பட்டனை விடவில்லை. மெஷின் மட்டும் உர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கீழ் வீட்டுக்காரருக்குத்தான் தொந்தரவு.

மார்த்தா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். நேராக மெஷினிடம் போனார். குனிந்து டேங்க்கைப் பார்த்தார்.

"இது என்ன... டிகாக்ஷனா?"

ஆன்ட்டி எதையோ சொல்லி மழுப்ப வாயெடுத்தார். ஷெரின் முந்திக்கொண்டாள்.

"அழுக்குத் தண்ணி ஆன்ட்டி. இந்தக் கார்ப்பெட்லேர்ந்து வந்தது. இத்தன வருஷமா இது மேலதான் நாங்க நடந்துட்டிருந்தோம். எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மார்த்தா அவளைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஹௌதா?" என்றார் மார்த்தா. நிஜமாகவா என்று கன்னடத்தில் கேட்டபடியே ஹேண்ட்பேகைக் கணவர் கையில் கொடுத்தார். "கொஞ்சம் தள்ளுங்க பிலோமினா. நான் ஒண்ணு பண்ணிப் பார்க்கறேன்."

பட்டுப் புடவை முந்தானை இடுப்பில் ஏறியது. ஒரு கோடு. பூக்கள் வந்தன. "ஐயோ!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினார் மார்த்தா. இன்னொரு கோடு.

"மார்த்தா... நம்ம வந்த விஷயம்..." என்று அவர் கணவர் தொண்டையைச் செருமினார்.

"இருங்க, இந்த லைன் முடியட்டும்!"

முடியவில்லை. மிச்சப் பாதியையும் இரண்டு சம்பந்திகளும் போட்டி போட்டுக்கொண்டு துவைத்தார்கள். "உங்க லைன் கோணல்" என்கிறார் ஒருவர். "என் லைன்ல எப்படி வந்திருக்கு பாருங்க" என்கிறார் மற்றவர். கெவின் கேக் பெட்டியோடு மீன் தொட்டி ஓரமாகவே நின்றான், பாவம். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. உட்கார இடமும் இல்லை.

கடைசியில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, ஈரக் கார்ப்பெட்டில் பாதம் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்தோம். என்னையும் முரளியையும் போக விடவில்லை.

"உண்மையச் சொல்றேன் பிலோமினா" என்றார் மார்த்தா, டீயை ஆற்றியபடி. "வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். என் பையன் போற வீடு... பளபளன்னு ஷோரூம் மாதிரி இருந்தா, அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து எப்படி இருக்கும்னு. எங்க வீட்டுக் கார்ப்பெட்ட நீங்க பார்க்கல."

"நீங்க பயந்தீங்களா?" என்று ஆன்ட்டி வாயைப் பிளந்தார். "நான் ஒரு வாரமா ஜெபமாலையும் கையுமா இருக்கேன்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஷெரின் அழுதுவிட்டாள். கெவின் அப்போதுதான் கேக் பெட்டியைக் கீழே வைத்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம். நாம் இப்படித்தான் எப்போதும் இருக்கிறோம் என்று முகத்தை வைத்துக்கொள்கிறோம். வந்தவரும் தன் வீட்டில் அப்படித்தான் என்று முகத்தை வைத்துக்கொள்கிறார். இரண்டு பக்கமும் முதுகு வலிக்க உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுவிட்டுப் பிரிகிறோம். அன்று அழுக்கு நடு ஹாலில், டேங்க்கில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. என்ன நிம்மதி!

தேதி குறித்தாகிவிட்டது. நேற்று மார்த்தா ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார்.

"கல்யாணம் எங்க சர்ச்லதாம்மா. ஒரே ஒரு விஷயம்... வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நீளமா ஒரு சிவப்புக் கார்ப்பெட் விரிச்சிருக்காங்க. ஃபாதர்கிட்ட நான் பேசிட்டேன்."

முரளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்!