கக்கூஸ் சுவரில் என் பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், நான் குடியிருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்து போய் ஒரு டச்சுக்காரர் பங்களாவில் வீட்டு வேலை செய்தேன். ஒருநாள் கக்கூஸைக் கழுவும்போது சுவரிலிருந்த காலண்டரை எழுத்துக்கூட்டிப் படித்தால், அதில் என் பேர். உடம்பெல்லாம் எரிந்தது. தாளைக் கிழித்துக்கொண்டு போய் வீட்டுக்கார அம்மா முன்னால் போட்டேன்.

"வேலை போனாலும் போகட்டும்மா. என் பேரை எதுக்குக் கக்கூஸ்ல எழுதினீங்க?"

அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. என் பேருக்கு மேலே இருந்த பேரில் விரலை வைத்தார். "என் அம்மா." கீழே இருந்த பேரில் வைத்தார். "என் பையன்." தெரிந்த தமிழில் மெல்லச் சொன்னார்: "எங்க ஊர்ல பிறந்தநாள் எல்லாம் அங்கதான் எழுதும். தினம் பார்க்கும், மறக்காது."

அதற்கு முந்தின மாசம் என் பிறந்தநாளை அவர் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மைதாப் பசை காய்ச்சி, கிழித்த தாளைக் காலண்டரில் நானே திரும்ப ஒட்டினேன். என் பிறந்தநாளை என் வீட்டில் இன்றுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.