ராஜா தலையும் பத்தர் மீனும்

என் மாமியாருக்கு இரண்டு பேர்மேல் நம்பிக்கை கிடையாது. ஒருவர் வெள்ளி வேலை செய்யும் பத்தர், மற்றவர் மாப்பிள்ளை. பத்தர் யாராக இருந்தாலும் சரி; மாப்பிள்ளை நான் ஒருவன்தான். பேரனைப் பார்க்க நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன்பே யாரையோ கொண்டு எனக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார்: அப்பன் போடுகிற அரைஞாண் சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும், முத்திரை இருக்க வேண்டும், வந்து உரசிப் பார்ப்பேன்.

நாங்கள் இருந்த பினாங்கில், பினாங்குத் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். தான் செய்யும் நகையில் சின்னதாய் ஒரு மீன் முத்திரை குத்துவார். மீன் இருந்தால் தெருவில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நான் பேசினேன். துறைமுகத்தில் எனக்குக் கிராணி வேலை, சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. மூட்டைமேல் எழுதியிருப்பதையும் உள்ளே இருப்பதையும் நாள் முழுக்க ஒத்துப் பார்க்கிறவனுக்கு யார்மேலும் நம்பிக்கை வராது. அதனால் வெள்ளியை நானே கொண்டுபோனேன்: ராஜா தலை போட்ட புத்தம் புதுக் காசுகள்.

"இந்தக் காசு வேணாம் கிராணி ஐயா. பழைய காசு இருந்தா கொண்டாங்க. இல்லாட்டி என்கிட்ட கட்டி வெள்ளி இருக்கு," என்றார் பத்தர்.

தன் சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். "ராஜா தலையை விடவா உங்க மீன் பெரிசு? என் கண்ணு முன்னால உருக்குங்க. ஒண்ணும் சேக்காதீங்க, ஒண்ணும் எடுக்காதீங்க," என்றேன்.

உருக்கினார். நான் அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மூக்கைச் சொறிந்ததைக்கூடச் சந்தேகப்பட்டேன். எனக்குத் தும்மல் வந்தபோது ஒரு கண்ணையாவது திறந்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கட்டி ஆறியதும் அதை உரைகல்லில் இழுத்து ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு பச்சையாகப் பொங்கியது.

"பாதி செம்பு," என்றார்.

தும்மலில்தான் விளையாடிவிட்டார் என்று எழுந்து நின்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பையில் மிச்சமிருந்த ஒரு காசை வாங்கி உரசினார். அதுவும் பச்சை.

"இந்தத் தடவை நீங்களும் தும்மலை, நானும் உருக்கலை. இனி ராஜாவைத்தான் கேக்கணும்," என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அரைஞாண் செய்து தருவதாகச் சொன்னார். மீன் மட்டும் குத்த மாட்டாராம். நாலு நாளில் கப்பல் வந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"அவர் ராஜா, செம்புமேல தலை போட்டாலும் அவருக்குத் தாங்கும். எனக்கு இருக்கிறது இந்த மீன் ஒண்ணுதான் ஐயா."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி திட்டவில்லை. கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்ட வெள்ளிக் கொலுசைக் கழற்றி என் கையில் வைத்தாள். மறுநாள் பத்தர் அதை உரசிப் பார்த்துத் தலையாட்டினார். அரைஞாணும் ஆயிற்று, மீனும் ஏறிற்று.

மாமியார் வந்து சேர்ந்தார். பேரனைத் தூக்கும் முன்பே அரைஞாணைத் தூக்கிப் பார்த்தார். மீனைத் தடவினார். மடியிலிருந்து தன் சொந்த உரைகல்லை எடுத்து உரசினார்.

"சுத்தம்," என்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்களைத் தப்பா நெனச்சிட்டேன் மாப்பிள்ளை."

கல்யாணமாகி முதல் சிரிப்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் பார்வை மகளின் காலுக்குப் போயிருந்தது.

"கொலுசு எங்கடி?"

"ஒங்க பேரன் இடுப்பில," என்றாள் என் மனைவி.

மாமியார் அரைஞாணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப மாப்பிள்ளை போட்டது என்ன?"

"செய்கூலி, அத்தை," என்றேன்.