கண்ணை மூடினால் கூச்சல் போடுகிற கிடார்

எங்கள் மருமகள் மெர்சி கரியாலூர் அருவிப் பாறையில் வழுக்கி இடது கையை ஒடித்துக்கொண்டது சபையார் உங்களுக்கெல்லாம் தெரியும். கட்டுப் பிரித்தும் விரல் மடங்கவில்லை. தலைகூடப் பின்ன முடியாது. டாக்டர் கொடுத்த பந்தை அழுத்தச் சொன்னாலே அழுவாள். இப்படியே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

அவள் அண்ணன் ஒரு விளையாட்டு கிடாரை டிவியில் மாட்டிக் கொடுத்தார். கம்பி இல்லை, கலர் கலராகப் பட்டன்தான். பாட்டெல்லாம் ஆண்டவர் பாட்டு. டிவியில் எந்தக் கலர் வருகிறதோ அந்தப் பட்டனைச் சரியான நேரத்தில் இடது கை விரலால் அழுத்த வேண்டும்.

இன்று காலையில், "மொதல்ல நீங்க வாசிங்க அத்தே" என்றாள்.

முக்காடு போட்டு, ஜெபம் பண்ணி, ஆரம்பித்தேன்.

"அத்தே, கண்ண மூடிக்கினு இன்னா பண்றீங்க?"

"துதிப் பாட்டுக்குக் கண்ண தொறந்துகினு நிக்கச் சொல்றியா?"

அதற்குள் பாட்டு பாதியில் நின்றது. டிவிக்குள் இருந்த கூட்டம் கூச்சல் போட்டது. இத்தனை வருஷம் சபையில் பாடுகிறேன், யாரும் அப்படிச் செய்ததில்லை.

மெர்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிடாரை வாங்கி, அதே பாட்டை வாசித்தாள். நடுவில் சுண்டுவிரல் நடுங்கியது.

"வலிச்சா வுட்டுடும்மா."

"சும்மா இருங்க அத்தே, கலரு வருது!"

கடைசிவரை விடவில்லை. எனக்குக் கூச்சல் போட்ட அதே கூட்டம் அவளுக்குக் கை தட்டியது. அந்த விரல்களைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

"ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடினேன். திறந்தபோது கிடார் என் மடியில் இருந்தது.

கண்ணைத் திறந்துகொண்டே துதிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்.